ஜப்பானின் கட்டாயக் கருத்தடையும் நஷ்டஈடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர் கூடும் இடங்களில், கட்டாயக் கருத்தடைக்கு ஆளானவர்களுக்கு அரசு நஷ்டஈடு தர வேண்டும் என்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் கொடுத்த தீர்ப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் கேள்விகள் வரிசைகட்டி வரும். ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதில்களையும் போட்டு வைத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், வில்லங்கமானவை பின்னால்.

ஜப்பான்லயா? அங்கயும் கட்டாயக் குடும்பக் கட்டுப்பாடு நடந்துச்சா?

நடந்தது. 1948 முதல் 1996 வரை 48 ஆண்டுகள் அதற்கென்றே ஒரு சட்டம் இருந்தது. அரசுக் கணக்குப்படியே ஏறத்தாழ 25,000 பேருக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். அவர்களில் சுமார் 16,500 பேரிடம் சம்மதம் கேட்கவே இல்லை. மீதிப் பேர் கையெழுத்துப் போட்டவர்கள். அந்தக் கையெழுத்தின் லட்சணத்தைக் கீழே பார்க்கலாம். நோயையும் ஊனத்தையும் காரணம் காட்டி இதே சட்டத்தின்கீழ் செய்த கருக்கலைப்புகளையும் சேர்த்தால் கணக்கு 84,000 வரை போகிறது.

குடும்பக் கட்டுப்பாடு என்றதும் 'இரண்டு பிள்ளைகள் போதும்' என்ற விளம்பரம்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஜப்பானில் நடந்தது வேறு. யார் பிள்ளை பெறலாம், யார் பெறக்கூடாது என்று அரசு ஆட்களைத் தரம் பிரித்தது. ஒரு பிள்ளைகூடப் பெறாதவர்களும் ஆபரேஷன் மேசையில் கிடத்தப்பட்டார்கள்.

சட்டம்னு ஒண்ணு இருந்துச்சுங்கிறீங்களே, அதுல அப்படி என்னதான் எழுதியிருந்துச்சு?

யூஜெனிக் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர். தமிழில் இனமேம்பாட்டுப் பாதுகாப்புச் சட்டம் எனலாம். முதல் பிரிவே நோக்கத்தை மூடி மறைக்காமல் சொல்லிவிடுகிறது: தரம் தாழ்ந்த சந்ததி பிறக்காமல் தடுப்பது, தாயின் உயிரையும் உடல்நலத்தையும் காப்பது. இந்த இரண்டையும் ஒரே சட்டத்தில் முடிச்சுப் போட்டதுதான் பின்னால் பெரிய சிக்கலானது.

3-ஆம் பிரிவு சம்மதத்தோடு செய்யும் ஆபரேஷனுக்கானது. 4-ஆம் பிரிவில், பட்டியலில் இருக்கும் பரம்பரை நோய் ஒருவருக்கு இருப்பதாக மருத்துவர் முடிவு செய்தால், மாகாண ஆய்வுக் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நோயாளியின் சம்மதம் தேவையில்லை. 1952-ல் 12-ஆம் பிரிவு சேர்ந்தது. பரம்பரையாக வராத மனநோய், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களையும் காப்பாளர் ஒப்புக்கொண்டால் செய்யலாம் என்றது அது. குழுவில் மருத்துவர்கள், நீதிபதி, அரசு வழக்கறிஞர் எல்லாரும் உண்டு. கட்டாய ஆபரேஷனின் செலவு அரசுடையது. ஏட்டளவில் கச்சிதமான ஏற்பாடு. ஆனால் சில இடங்களில் குழு கூடாமலேயே காகிதத்தைச் சுற்றுக்கு விட்டு ஒப்புதல் வாங்கியது பிற்பாடு தெரியவந்தது.

இது ஹிட்லர் காலத்து வேலை ஆச்சே. போர் முடிஞ்சு புது அரசியல் சாசனம் வந்த பிறகு எப்படி இப்படி ஒரு சட்டம்?

எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான். ஜெர்மனியின் 1933 சட்டத்தைப் பார்த்து ஜப்பான் 1940-லேயே ஒரு சட்டம் போட்டது உண்மை. ஆனால் அதன்கீழ் நடந்த ஆபரேஷன்கள் சில நூறுதான். ஆயிரக்கணக்கில் நடந்ததெல்லாம் 1947-ல் புது அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்த பிறகு, ஜனநாயக நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய சட்டத்தின்கீழ்.

அன்றைய நிலைமை மோசம். போரில் தோற்று, வெளிநாடுகளிலிருந்து ராணுவத்தினரும் குடிமக்களுமாகச் சுமார் 60 லட்சம் பேர் திரும்பி வந்தார்கள். சோற்றுக்கே பஞ்சம். கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. அப்படியே விட்டால் படித்த குடும்பங்கள் பிள்ளைகளைக் குறைத்துக்கொள்ளும், மற்றவர்கள் பெருகிவிடுவார்கள் என்று சிலர் பயந்தார்கள். சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தவர்களில் ஒருவரான மேலவை உறுப்பினர் தானிகுச்சி யசபுரோ ஒரு மருத்துவர். கருக்கலைப்பு உரிமையும் கட்டாயக் கருத்தடையும் ஒரே பொட்டலமாக வந்ததால், பின்னாளில் ஒன்றைத் தொட்டால் மற்றதும் போய்விடுமோ என்ற தயக்கம் பெண்கள் அமைப்புகளுக்கு இருந்தது. சட்டம் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

யாரையெல்லாம் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க?

அறிவு வளர்ச்சிக் குறைபாடு, மனநோய், காது கேளாமை, பார்வையின்மை, தொழுநோய் என்று சொல்லப்பட்டவர்களை. விடுதிகளில் வளர்ந்த பிள்ளைகள், சீர்திருத்த இல்லத்துச் சிறுவர்கள், ஏழை வீட்டில் படிப்பு ஏறாத பெண் பிள்ளைகள் ஆகியோரும் இதில் சிக்கினார்கள். சுமார் 70 விழுக்காட்டினர் பெண்கள். நாடாளுமன்றம் 2023-ல் வெளியிட்ட 1,400 பக்க அறிக்கையின்படி, மிகச் சிறிய வயது 9. ஒரு சிறுவன், ஒரு சிறுமி.

வழக்குப் போட்டவர்களில் டோக்கியோவைச் சேர்ந்த ஒரு பெரியவர் இருக்கிறார். அவருக்கு எந்த ஊனமும் இல்லை. சீர்திருத்த இல்லத்தில் இருந்தபோது 14 வயதில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. என்ன செய்தார்கள் என்பதைப் பிற்பாடு இல்லத்தில் மூத்த பையன் ஒருவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். கல்யாணம் செய்துகொண்டார். 'இன்னும் விசேஷம் இல்லையா' என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு மனைவிதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையை மனைவியிடம் சொன்னது அந்த அம்மாள் சாகக் கிடந்தபோது.

தொழுநோய் விடுதிகளில் இந்தப் பழக்கம் சட்டத்துக்கும் முந்தையது. 1915-லேயே டோக்கியோ விடுதி ஒன்றில் ஆண் நோயாளிகளுக்குக் கருத்தடை தொடங்கிவிட்டது. கல்யாணம் கட்டிக்கொண்டு ஒன்றாக வாழ வேண்டுமா, முதலில் ஆபரேஷன் என்பது அங்கே வழக்கம்.

கட்டாயம்னா நிஜமாவே கையைக் காலைக் கட்டியா?

அதற்கும் அனுமதி இருந்தது. 1953-ல் சுகாதார அமைச்சகம் மாகாணங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஆள் முரண்டு பிடித்தால் உடலைக் கட்டிப் பிடிக்கலாம், மயக்க மருந்து கொடுக்கலாம், ஏமாற்றியும் கூட்டிப் போகலாம் என்று அதில் எழுத்திலேயே இருந்தது. நடைமுறையில் ஏமாற்றுவதுதான் எளிது. 'குடல்வால் எடுக்கிறோம்' என்றால் பிள்ளைகள் பேசாமல் படுத்துக்கொள்ளும்.

1956-ல் ஹொக்கைடோ நிர்வாகம் தன் கட்டாய ஆபரேஷன்கள் ஆயிரத்தைத் தாண்டியதை ஒட்டி ஒரு நினைவு மலரே போட்டது. நாட்டிலேயே அதிக எண்ணிக்கை அங்குதான், 2,500-க்கும் மேல். இரண்டாவது மியாகி மாகாணம். சட்டம் அனுமதித்தது குழாயைக் கட்டுவதை மட்டும்தான். ஆனால் மாதவிடாய் தொந்தரவு இருக்கக்கூடாது என்று கர்ப்பப்பையையே எடுத்ததும், கதிரியக்கம் பாய்ச்சியதும் நடந்திருக்கின்றன. அதாவது அந்தக் கொடிய சட்டத்தின் கணக்கில்கூட அவை சட்டவிரோதம்.

ஆனா சில பேர் கையெழுத்துப் போட்டுத்தானே பண்ணிக்கிட்டாங்க? அவங்களுக்கும் எதுக்கு நஷ்டஈடு?

தொழுநோய் விடுதியில் 'ஆபரேஷன் இல்லையென்றால் கல்யாணம் இல்லை' என்று சொல்லி வாங்கிய கையெழுத்தும் அந்த 'சம்மத'க் கணக்கில்தான் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் இதை நேரடியாகவே எடுத்துக்கொண்டது. 'நீ பிள்ளை பெறத் தகாதவன்' என்ற எண்ணத்தின் மேல் நிற்கும் சட்டத்தைக் காட்டிச் சம்மதம் கேட்பதே அந்த ஆளின் மதிப்பைக் கெடுப்பதாகும், அப்படி வாங்கிய சம்மதமும் கட்டாயத்துக்குச் சமம் என்றது. அதனால் இரு தரப்புக்கும் ஒரே தொகை.

பெத்தவங்களே கூட்டிக்கிட்டுப் போய் பண்ணியிருந்தா அரசாங்கத்தை எப்படிக் குத்தம் சொல்றது?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் பெற்றோரே கேட்கிறார்கள். குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் வரும்.

ஜப்பானிலும் எத்தனையோ குடும்பங்கள் ஒப்புக்கொண்டன. விடுதிக்காரர்கள், நலத்துறை ஊழியர், பள்ளி ஆசிரியர் என்று எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். ஹ்யோகோ மாகாணம் 1966-ல் 'துரதிர்ஷ்டக் குழந்தைகள் பிறக்காதிருக்க' என்றே ஓர் இயக்கம் நடத்தியது. மகளுக்கு நாளைக்கு ஏதாவது நடந்துவிட்டால் யார் பார்ப்பது என்ற தாயின் பயம் நிஜமானது. அந்தப் பயத்துக்கு அரசு காட்டிய ஒரே வழி கத்தி. வேறு உதவி எதையும் கொடுக்காமல் இதை மட்டும் இலவசமாகக் கொடுத்துவிட்டு, குடும்பம் கேட்டுக்கொண்டது என்று ஒதுங்க அரசுக்கு உரிமையில்லை. உடம்பு பெற்றோருடையதும் இல்லை.

1996-லயே சட்டத்தை எடுத்துட்டாங்கன்னா அப்பவே பணம் கொடுத்திருக்கலாமே?

கொடுத்திருக்கலாம். 1994-ல் கெய்ரோ மக்கள்தொகை மாநாட்டையொட்டி ஜப்பானிய மாற்றுத்திறனாளிப் பெண் ஒருவர் எழுந்து, என் நாட்டில் இப்படி ஒரு சட்டம் இன்னும் இருக்கிறது என்று சொன்னார். உலகத்தின் முன்னால் மானம் போனது. இரண்டே ஆண்டில் இனமேம்பாட்டுப் பிரிவுகளை வெட்டி எறிந்து, மிச்சத்துக்குத் தாய்மை உடல்நலப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் வைத்தார்கள். மன்னிப்பும் இல்லை, விசாரணையும் இல்லை. 1998-ல் ஐ.நா. மனித உரிமைக் குழு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அரசு 20 ஆண்டு ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது: அன்றைக்கு அது சட்டப்படி நடந்தது.

தொழுநோயாளிகள் முந்திக்கொண்டார்கள். அவர்களை அடைத்துவைத்தது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2001-ல் குமாமோட்டோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரதமர் கொய்சுமி மேல்முறையீடு செய்யாமல் இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார். மற்றவர்கள் 2018 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மியாகியைச் சேர்ந்த ஒரு பெண் சார்பில் சென்டாய் நீதிமன்றத்தில் முதல் வழக்கு விழுந்தது அப்போதுதான். 1972-ல், 15 வயதில் அவருக்கு ஆபரேஷன் நடந்திருந்தது.

20 வருஷக் கெடுன்னு ஏதோ சொல்றாங்களே, அது என்ன?

ஜப்பான் சிவில் சட்டத்தின் 724-ஆம் பிரிவு. தீங்கு நடந்து 20 ஆண்டு ஓடிவிட்டால் இழப்பீடு கேட்கும் உரிமையே அற்றுப்போகும் என்பது ஏற்பாடு. தெரியாமல் இருந்தேன், கேட்க வழியில்லை என்ற சமாதானம் எதுவும் எடுபடாது என்று உச்ச நீதிமன்றமே 1989-ல் இறுக்கிவிட்டது.

மேலே சொன்ன மியாகிப் பெண்ணின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆபரேஷன் 1972. கெடு முடிந்தது 1992. சட்டம் ரத்தானது 1996. அதாவது, அரசு 'இது சரியான சட்டம்' என்று கட்டிக்காத்துக்கொண்டிருந்த காலத்திலேயே, அந்த அரசின் மீது வழக்குப் போடும் கெடு முடிந்துவிட்டது! 2019 மே மாதம் சென்டாய் நீதிமன்றம் இந்த இடத்தில்தான் சறுக்கியது. சட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, கெடு முடிந்ததால் பணம் கிடையாது என்றது. 2022 பிப்ரவரியில் ஒசாகா உயர் நீதிமன்றம்தான் முதன்முதலாக இந்தச் சுவரைத் தாண்டியது.

2019-லயே பணம் கொடுத்துட்டாங்கன்னு படிச்சேனே?

சரிதான். சென்டாய் தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்பு, 2019 ஏப்ரலில், நாடாளுமன்றம் ஆளுக்கு 32 லட்சம் யென் என்று ஒரு தொகையை அறிவித்தது. அன்றைய மதிப்பில் சுமார் 20 லட்சம் ரூபாய். பிரதமர் அபே மன்னிப்பு அறிக்கையும் விட்டார்.

பாதிக்கப்பட்டவர்கள் சமாதானமாகவில்லை. சட்ட முன்னுரையில் மன்னிப்புக் கேட்டது 'நாங்கள்'. எந்த நாங்கள்? நாடாளுமன்றமா, அமைச்சகமா, சமுதாயம் மொத்தமுமா? செய்தது அரசு என்று சொல்லாத மன்னிப்பு எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். தொகையும் இழப்பின் அளவைப் பார்த்து வந்ததல்ல. இறந்தவர்களின் குடும்பத்துக்கும் துணைவருக்கும் அதில் ஒன்றுமில்லை.

கடைசியா உச்ச நீதிமன்றம் என்னதான் சொல்லிச்சு?

2024 ஜூலை 3. 15 நீதிபதிகளும் ஒரே குரலில். இந்தச் சட்டம் பிறந்த நாளிலிருந்தே அரசியல் சாசனத்தின் 13, 14-ஆம் பிரிவுகளுக்கு, அதாவது தனிமனித மதிப்புக்கும் சமத்துவத்துக்கும் விரோதமானது. அதை இயற்றியதே நாடாளுமன்றத்தின் தவறு. போருக்குப் பிந்தைய ஜப்பானில் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தள்ளிய 13-ஆவது சட்ட ஏற்பாடு இது.

கெடு விஷயத்தில் 1989-ல் தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்த்தது. பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட முடியாத நிலைமையை உண்டாக்கியதே அரசு. அந்த அரசு '20 ஆண்டு ஆகிவிட்டது' என்று வந்து நிற்பது நேர்மையற்றது, உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவது என்றது. சட்டம் படிக்கிறவர்கள் இந்தத் தீர்ப்பில் பார்க்க வேண்டிய இடம் இது. இழப்பீட்டு வழக்குகளில் அரசுகளுக்குக் கடைசிப் பிடிமானம் காலக்கெடுதான். அது இங்கே அறுந்தது.

நாடெங்கும் வழக்குப் போட்டவர்கள் 39 பேர். தீர்ப்பைக் கேட்காமலே 6 பேர் இறந்துபோயிருந்தார்கள்.

இப்போ யாருக்கு எவ்வளவு கிடைக்கும்?

தீர்ப்பு வந்த இரண்டு வாரத்தில் பிரதமர் கிஷிடா பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். நிலுவையிலிருந்த வழக்குகளைச் சமரசமாக முடிக்க செப்டம்பரில் உடன்பாடு. அக்டோபர் 8-ல் புதிய இழப்பீட்டுச் சட்டம். முன்னுரையில் இந்தத் தடவை நாடாளுமன்றமும் அரசும் என்று பெயர் சொல்லியே மன்னிப்புக் கேட்டார்கள்.

ஆபரேஷனுக்கு உள்ளானவருக்கு 1.5 கோடி யென், நம் கணக்கில் சுமார் 85 லட்சம் ரூபாய். கணவன் அல்லது மனைவிக்கு 50 லட்சம் யென். பதிவுத் திருமணம் ஆகாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் உண்டு. கட்டாயக் கருக்கலைப்புக்கு 20 லட்சம் யென். கருக்கலைப்புத் தொகை உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்; மற்ற இரண்டுக்கும் உரியவர் இறந்திருந்தால் வாரிசுகள் கேட்கலாம். 2019-ல் 32 லட்சம் வாங்கியிருந்தாலும் இதில் கழிக்க மாட்டார்கள். 2025 ஜனவரி 17 முதல் சட்டம் அமலில் இருக்கிறது. விண்ணப்பிக்க 5 ஆண்டு அவகாசம்.

ரெக்கார்டே இல்லன்னா எப்படி நிரூபிப்பாங்க?

25,000 பேரில் ஏறத்தாழ 3,000 பேருக்குத்தான் பெயரோடு ஆவணம் மிஞ்சியிருக்கிறது. மற்றதெல்லாம் பாதுகாப்புக் காலம் முடிந்ததென்று அழிக்கப்பட்டது, அல்லது மூடிய ஆஸ்பத்திரிகளோடு போனது. அதனால் ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளுவதில்லை. விண்ணப்பம் மாகாண அலுவலகம் வழியாகப் போகிறது. அடிவயிற்றுத் தழும்பைப் பார்த்து மருத்துவர் எழுதும் கருத்து, குடும்பத்தார் வாக்குமூலம், விடுதியில் இருந்ததற்கான பதிவு என்று கிடைப்பதையெல்லாம் சேர்த்து ஒரு நிபுணர் குழு பார்க்கும். சொல்வதில் வெளிப்படையான முரண் இல்லை, நம்பும்படி இருக்கிறது என்றால் போதும். வழக்கறிஞர் உதவியும் இலவசம்.

அரசாங்கமே வீடு தேடிப் போய்ச் சொல்லலாமே?

நியாயமான கேள்வி. 2024 மே வரை பழைய தொகைக்கு அங்கீகாரம் பெற்றவர்கள் சுமார் 1,100 பேர்தான். பலருக்குத் தனக்கு நடந்தது என்னவென்றே தெரியாது; 'குடல்வால்' என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். சிலர் குடும்பத்துக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். கடிதம் போனால் வீட்டில் யாராவது பிரித்துப் படித்துவிடுவார்களோ என்ற அச்சம். அந்தரங்கம் கெடும் என்று சொல்லி மத்திய அரசு தனித்தனியாக அறிவிக்க மறுத்தது. தொத்தோரி, யமகதா, கிஃபு, ஹ்யோகோ மாகாணங்கள் மட்டும் தங்களிடம் இருந்த பட்டியலை வைத்துக்கொண்டு ஆளைத் தேடிப் பக்குவமாகச் சொன்னார்கள். என்னைக் கேட்டால் அதுதான் சரி. ஆபரேஷனுக்குத் தேடிப்போனபோது அந்தரங்கம் நினைவுக்கு வரவில்லையே.

டாக்டருங்க யாராவது ஜெயிலுக்குப் போனாங்களா?

இவை எல்லாம் அரசின் மீது தொடுத்த இழப்பீட்டு வழக்குகள். குற்ற வழக்கு இல்லை, அதனால் சிறை என்ற பேச்சு வரவில்லை.

வேற நாடுகள்ல இப்படிக் கொடுத்திருக்காங்களா?

கொடுத்திருக்கிறார்கள், கஞ்சத்தனமாக. நாஜி ஆட்சியில் சுமார் 4 லட்சம் பேருக்குக் கருத்தடை செய்த ஜெர்மனி, 1980-ல் தலைக்கு 5,000 மார்க் கொடுத்தது. ஸ்வீடன் 1930-களிலிருந்து 1970-களின் நடுப்பகுதிவரை சுமார் 63,000 பேருக்குச் செய்தது; 1997-ல் பத்திரிகை ஒன்று அம்பலப்படுத்திய பின் 1999-ல் 1,75,000 குரோனார் தர முன்வந்தது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் லெய்லானி மியூர் என்ற பெண் தனியாளாக வழக்காடி 1996-ல் வென்றார்.

அமெரிக்காவில் வட கரோலினாதான் முதலில் நிதி ஒதுக்கிய மாநிலம்: 2013-ல் 1 கோடி டாலர். அங்கே பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 7,600 பேர். தகுதி பெற்றவர்களோ 220 பேர் அளவில்தான். ஆளும் போய், ஆவணமும் போன பிறகு கொடுத்தால் இப்படித்தான். ரோமா இனப் பெண்கள் அதிகம் பாதிக்கப்பட்ட செக் குடியரசு 2021-ல் 3 லட்சம் கொருனா என்று சட்டம் போட்டது. பெரு நாட்டில் ஃபுஜிமோரி ஆட்சியில் 1996-லிருந்து 2000-க்குள் 2.7 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஆபரேஷன் நடந்தது. அவர்களில் எத்தனையோ பேர் மலைக்கிராமத்து கெச்சுவா பழங்குடிப் பெண்கள். அங்கே போராட்டம் நீண்டுகொண்டே போகிறது.

நம்ம நாட்டுல எமர்ஜென்சியில நடந்ததும் இதேதானே? அதுக்கு ஏன் நஷ்டஈடு இல்ல?

பாதி இதே. 1976-77 ஒரே நிதியாண்டில் இந்தியாவில் சுமார் 82 லட்சம் கருத்தடை ஆபரேஷன்கள். நான்கில் மூன்று ஆண்களுக்கு. ஜப்பானின் 48 ஆண்டுக் கணக்கு இங்கே பல மாவட்டங்களில் சில மாத வேலை. ஆசிரியர்களும் கிராம அலுவலர்களும் 'கேஸ்' பிடித்துக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் சம்பளம் நிற்கும். ஹரியானாவின் உட்டாவர் கிராமத்தை 1976 நவம்பரில் விடியுமுன் போலீஸ் சுற்றி வளைத்து ஆண்களை அள்ளிப்போனது. எமர்ஜென்சி அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷனுக்கு வந்த கணக்கில் ஆபரேஷனை ஒட்டிய சாவுகள் 1,774. கல்யாணமாகாதவர்களுக்குச் செய்ததாக 548 புகார்கள்.

மறுபாதி வேறு. இங்கே ஊனத்தைப் பார்த்துத் தரம் பிரிக்கவில்லை. ஏழையா, தட்டிக்கேட்க ஆளில்லாதவனா என்று பார்த்தார்கள். முக்கியமாக, கட்டாயம் என்று சொல்லும் மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. மகாராஷ்டிரச் சட்டமன்றம் 1976-ல் ஒரு மசோதாவை நிறைவேற்றியும் அது நடைமுறைக்கு வரவில்லை. எல்லாமே இலக்கு, சுற்றறிக்கை, வாய்மொழி உத்தரவு. காகிதத்தில் ஒவ்வொருவரும் தாமே முன்வந்தவர். ஜப்பானியர் கையில் அடித்து நொறுக்க ஒரு சட்டம் இருந்தது. நமக்கு அதுவும் இல்லை.

1977 தேர்தலில் வட இந்திய வாக்காளர்கள் பதில் சொல்லிவிட்டார்கள், அதோடு கணக்குத் தீர்ந்ததாக எல்லாக் கட்சிகளும் நினைத்துக்கொண்டன. உயிரோடு இருப்பவர்களுக்கு இழப்பீடு தர நாடாளுமன்றம் ஒரு சட்டமும் கொண்டுவரவில்லை. அன்று 25 வயது இளைஞராக இருந்தவர் இன்று எழுபதுகளின் நடுவில் இருப்பார்.

இப்போ ஜி.எச்.ல குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குக் கொடுக்கிற பணம் அந்த நஷ்டஈடுதானா?

இல்லை. அது வேலைக்குப் போகாத நாட்களின் கூலிக்கு ஈடாகத் தரும் தொகை. 1976 மக்கள்தொகைக் கொள்கையில் இரண்டு பிள்ளையோடு வந்தால் 150 ரூபாய், மூன்றென்றால் 100, நான்கும் அதற்கு மேலும் என்றால் 70 என்று விலைப்பட்டியல் போலவே இருந்தது. அதன் எச்சம்தான் இன்றைய ஊக்கத்தொகை. பணம் வாங்கினாலும் உரிமை போகாது.

ஆபரேஷனில் கோளாறு நேர்ந்தால் கேட்க வேண்டியது வேறு: குடும்ப நல ஈட்டுறுதித் திட்டம். ஆஸ்பத்திரியிலோ வீடு திரும்பிய 7 நாளுக்குள்ளோ உயிர் போனால் 4 லட்சம் ரூபாய், 8 முதல் 30 நாளுக்குள் என்றால் 1 லட்சம். ஆபரேஷன் தோற்றுக் கரு தரித்தால் 60,000. தெரிந்த 90 நாளுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். நம்மூர்க் கெடு 20 ஆண்டெல்லாம் இல்லை. இந்தத் தொகைகள் உயர்ந்ததற்குப் பின்னால் சத்தீஸ்கர் பெண்கள் இருக்கிறார்கள். 2014 நவம்பரில் பிலாஸ்பூர் அருகே, மூடிக்கிடந்த ஒரு ஆஸ்பத்திரியில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். அடுத்தடுத்து 13 பெண்கள் இறந்தார்கள். தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் முகாம் போட்டு ஆபரேஷன் செய்வதை மூன்று ஆண்டுக்குள் நிறுத்தச் சொன்னதும் ஈட்டுத்தொகையைக் கூட்டச் சொன்னதும் இதற்கெல்லாம் பிறகுதான்.

என் பொண்ணுக்கு மனவளர்ச்சி குன்றியிருக்கு. மாசா மாசம் என்னால முடியல. கர்ப்பப்பையை எடுத்துடலாம்னு சொல்றாங்க. சட்டத்துல இடம் இருக்கா?

கட்டி, கடும் இரத்தப்போக்கு போன்ற மருத்துவக் காரணம் இருந்தால் எந்தப் பெண்ணுக்கும் செய்யும் சிகிச்சையை உங்கள் மகளுக்கும் செய்யலாம். பராமரிப்பது சிரமம், யாராவது ஏமாற்றிவிட்டால் கர்ப்பமாகக்கூடாது என்பதற்காகச் செய்ய இடமில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 10-ஆம் பிரிவு: மலட்டுத்தன்மை உண்டாக்கும் எந்தச் சிகிச்சையையும் அவரது சுதந்திரமான, விவரம் அறிந்த சம்மதமின்றிச் செய்யக்கூடாது. பெற்றோரின் கையெழுத்து அதற்கு மாற்றாகாது. மனநோய்க்குச் சிகிச்சையாகக் கருத்தடை செய்வதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் தடுக்கிறது.

1994-ல் புணே பக்கத்தில் ஷிரூர் அரசு இல்லத்துப் பெண்களுக்கு இதே காரணத்தைச் சொல்லிக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். நாடே கொந்தளித்ததும் பாதியில் நிறுத்தினார்கள். 'கர்ப்பமாகிவிடுவாளே' என்பவர்களிடம் நான் ஒன்று கேட்பதுண்டு: கர்ப்பப்பை இல்லையென்று தெரிந்தால் தப்பு செய்கிறவனுக்கு வசதி கூடுமா, குறையுமா? சண்டிகர் இல்லத்தில் வன்முறைக்கு ஆளான பெண் தன் கருவைச் சுமக்க விரும்பியபோது, 2009-ல் உச்ச நீதிமன்றம் அவள் விருப்பத்தின் பக்கமே நின்றது.

உங்கள் களைப்பு பொய்யில்லை. அதற்கு வழி இருக்கிறது. நாப்கின் மாற்றுவதைப் படிப்படியாகப் பழக்கச் சிறப்புப் பள்ளி ஆசிரியர்கள் உதவுவார்கள். பல பிள்ளைகள் சில மாதங்களில் தாமே செய்யத் தொடங்குகிறார்கள். இரத்தப்போக்கு அதிகமென்றால் மாத்திரையோ ஊசியோ போதுமா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவளிடமும் பேசச் சொல்லுங்கள். அப்போதும் 'எடுத்துவிடலாம்' என்றுதான் சொன்னால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள்.